பெட்டி படுத்த இடம்

1972 பிப்ரவரி 9, புதன்கிழமை. காலை நாலே முக்காலுக்கு எழுந்தேன். வாசல் தெளித்து அடுப்பு பற்றவைத்தேன். மகளுக்கு நான்கு இட்லி, எனக்கு மூன்று. ஆறு பத்துக்குக் குளியல். ஆறரைக்கு முந்தைய நாள் குறிப்பைப் படித்து, விட்டுப்போன ஒரு வரியைச் சேர்த்தேன். ஏழு ஐந்துக்கு வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, மகளை இரவு அங்கே படுக்கவைக்கச் சொன்னேன். ஏழரைக்குத் தாலுகா அலுவலக வாசலில் ஜீப் நின்றது. பதிவேட்டில் கையெழுத்திட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டேன்.

என் நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தில் இப்படி நேரங்கள்தான் இருக்கின்றன. கோபம் என்ற சொல் எங்கும் இல்லை. ஐந்து வருஷம் கழித்துப் புரட்டும்போது அதுதான் எனக்கு ஆத்திரமூட்டுகிறது. அன்று மத்தியானம் மூன்றிலிருந்து மறுநாள் வரை கோபத்தைத் தவிர வேறெதுவும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. அதனால் இப்போது எழுதுகிறேன்.

பெட்டி என்றால் தகரப்பெட்டி. இரண்டடி நீளம், பச்சை பெயிண்ட், இரண்டு பூட்டு. உள்ளே முப்பத்தொரு மனுக்கள், புலப்படம், சாகுபடிக் கணக்கின் நகல்கள். யார் எந்த நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறார் என்பதைச் சர்க்கார் பதிவேட்டில் எழுதிவைக்கும் வேலை அந்த வருஷங்களில் நடந்துகொண்டிருந்தது. பெயர் ஏறினால் மிராசுதார் அவரை வெளியேற்ற முடியாது. ஏறாவிட்டால், அறுப்பு முடிந்த கையோடு வரப்பை விட்டு இறங்கச் சொல்லலாம். பதிவு அதிகாரி என்னைவிட ஆறு வயது இளையவர். நான் அவருடைய எழுத்தர். கணவர் போனபின் அவர் இடத்தில் கிடைத்த வேலை அது. எங்களோடு டிரைவர். மொத்தம் மூன்று பேர்.

கொள்ளிடம் கடலைத் தொடுவதற்குச் சற்று முன் இரண்டாகப் பிரிந்து மறுபடி சேர்கிறது. நடுவில் கிடக்கும் திட்டுக்குத்தான் போனோம். மாசி நெருங்கும் காலத்தில் ஒரு கிளையில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இருக்கும். மணலில் தென்னங்கீற்று பரப்பி, பத்து ஆட்கள் தள்ள, ஜீப்பை ஏற்றினார்கள். மத்தியானத்துக்கு மேல் கடல்தண்ணீர் உள்ளே ஏறிவிடும். அப்புறம் மறுநாள் காலைதான் திரும்ப முடியும். ஆகவே முதல் நாள் நிலங்களைப் பார்ப்பது, மறுநாள் காலை பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்தில் விசாரணை என்று நோட்டீஸ் போயிருந்தது. இரவு எங்கே தங்குவது என்பதை மட்டும் எந்த நோட்டீஸிலும் எழுதவில்லை. நானும் அதைக் கேட்டுவைக்கவில்லை. பென்சில் சீவும் கத்திவரை பட்டியல் போட்டு எடுத்துவைத்தவள் நான்.

திட்டில் ஒரே சாலை. கரையின் மேலேயே மேற்கு முனையிலிருந்து கிழக்கு முனைக்குப் போகிறது. ஜீப் மீட்டரில் பார்த்தேன்: மூன்றே கால் மைல். மேற்கு முனையில் மிராசுதார் வீடு. நடுவில் வெள்ளக்காலத்துக் கரைக்காவல் கொட்டகை. கிழக்கு முனையில் பள்ளிக்கூடம். அதற்கு அப்பால் குத்தகைக்காரர்களும் கூலிக்காரர்களும் இருக்கும் தெரு. தங்குவதற்கு இந்த மூன்று இடங்கள்தான்.

கொட்டகையை முதலில் பார்த்தோம். கதவில்லை. மணல் சாக்கு, மூங்கில், சவுக்குக் கட்டை எல்லாம் கூரைவரை அடுக்கியிருந்தது. டிரைவர் ஒரு சாக்கைக் காலால் தள்ளினார். கீழே கிடந்த பாம்புச் சட்டையைப் பார்த்துவிட்டு, குடித்தனம் இருக்கிற வீட்டில் நாம் நுழையக் கூடாது என்றார். பள்ளிக்கூடம் அறுப்பு விடுமுறைக்காகப் பூட்டியிருந்தது. ஜன்னல் வழியே பார்த்தேன். ஓட்டுக் கூரை, சிமெண்டுத் தரை, இரண்டு கதவு, உள்பக்கம் தாழ்ப்பாள். பின்னால் பத்தடியில் கைப்பம்பு. எனக்கு அது போதும். அதிகாரியிடம் சொன்னேன். பார்க்கலாம் என்றார்.

மதியம் ஒன்று பத்துக்கு ஜீப் மிராசுதார் வீட்டு வாசலில் நின்றது. யாரும் அங்கே போகச் சொல்லவில்லை. டிரைவர் கேட்கவும் இல்லை. அதிகாரி சொல்லவும் இல்லை. சாப்பாட்டு நேரம் வந்ததும் சர்க்கார் ஜீப் தானாக அங்கேதான் திரும்பும் என்பதுபோலத் திரும்பியது. நானும் தானாக இறங்கினேன்.

கூடத்தில் புதிதாக மாட்டிய தலைவர் படங்கள், மாலையோடு. சுவரில் அவற்றுக்குக் கீழே பழைய படங்களின் சட்டம் இருந்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது. மிராசுதார் வேட்டியின் கட்சிக் கரையும் புதிது. உழுகிறவனுக்கு உரிமை என்று சட்டம் போட்டது நம்ம ஆட்சிதான் என்று அவரே எங்களிடம் பெருமையாகச் சொன்னார். தன் நிலத்தில் குத்தகைக்காரர் ஒருவர்கூட இல்லை, எல்லாம் சொந்தப் பண்ணை என்றும் அதே மூச்சில் சொன்னார். அதிகாரி தலையசைத்தார். அவர் கெட்டவர் இல்லை. கை நீட்டாதவர், கோப்பைத் தேக்காதவர். அவர் மோசமானவராக இருந்திருந்தால் என் வேலை சுலபமாக இருந்திருக்கும்.

மிராசுதாரின் மனைவி என்னைக் கொல்லைப்பக்கம் அழைத்துப்போய் முகம் கழுவத் தண்ணீர் வைத்தார். பிரிக்காத சந்தன சோப்பு ஒன்றை உறையோடு கொடுத்தார். சாலைப் புழுதியில் வந்திருந்தேன். முகம், கை, கழுத்து எல்லாம் இரண்டு முறை தேய்த்துக் கழுவினேன். நன்றாக இருந்தது. அப்புறம் இலை போட்டுச் சாப்பாடு: வாழைப்பூ வடை, கொத்தவரங்காய்ப் பொரியல், கட்டித் தயிர். அதுவும் நன்றாக இருந்தது. இதையெல்லாம் விடாமல் எழுதுகிறேன், ஏனென்றால் பின்னால் நடந்தது இதிலிருந்துதான் வந்தது.

மூன்று மணிக்கு, இரவு இங்கேயே தங்கிவிடலாம் என்று அதிகாரி சொன்னார். நான் பள்ளிக்கூடத்தை நினைவுபடுத்தினேன்.

“உங்களுக்காகத்தாம்மா சொல்றேன். நானும் டிரைவரும் எங்க வேணா படுத்துக்குவோம். ஒரு பொம்பளையை வச்சுக்கிட்டு அங்க எப்படித் தங்கறது?”

உங்களுக்காக. வேலைக்கு வந்த இந்த ஒன்பது வருஷத்தில் என்னைக் காரணமாகச் சொல்லி நடந்த எதுவும் எனக்காக நடந்ததில்லை. என்னைக் கேட்காமல் என் பேரில் கருணை எடுத்துக்கொள்வார்கள். மறுத்தால் நான் நன்றி கெட்டவள். அன்றும் மறுக்கவில்லை. மிராசுதாரின் ஆள் பெட்டியை ஜீப்பிலிருந்து இறக்கிக் கூடத்து மூலையில் மணைப்பலகை மேல் வைத்தான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நாலு மணிக்குக் கொல்லையில் நெல் அவித்துக்கொண்டிருந்த ஒருத்தி என்னைப் பார்த்து எழுந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கறுத்து, ஒல்லியாக, சேலையை இழுத்துச் செருகியிருந்தாள். பதினேழாவது மனு தன்னுடையது என்றாள். எனக்கு உடனே நினைவு வந்தது. முப்பத்தொன்றில் அதுதான் மிகச் சுருக்கமான மனு. ஒன்பது மா நிலம், அதாவது மூன்று ஏக்கர், கிழக்குக் கடைசி, கணவர் பதினோரு வருஷம் குத்தகைக்குச் செய்தது, அவர் காமாலையில் இறந்தபின் இரண்டு வருஷமாக இவள் செய்வது. ரசீது கிடையாது. பக்கத்து வரப்புக்காரர்கள் இரண்டு பேர் சாட்சி. மிராசுதார் தரப்பில் கொடுத்திருந்த பதிலும் நினைவிருந்தது: அவள் குத்தகைக்காரி அல்ல, எங்கள் வீட்டுக் கொல்லையில் வேலை செய்யும் பண்ணையாள்.

பின் எதற்கு இந்தக் கொல்லையில் வேலை செய்கிறாய் என்று கேட்டேன். கேள்வியின் முட்டாள்தனம் வாயை விட்டு வந்தபின்தான் தெரிந்தது. வராவிட்டால் தன் வயலுக்குத் தண்ணீர் விடும் வாய்க்கால் மடையை அடைத்துவிடுவார்கள் என்றாள், நெல்லைக் கிளறிக்கொண்டே. பிறகு கூடத்தின் பக்கம் முகத்தைக் காட்டினாள்.

“பெட்டி இங்கயாம்மா படுக்குது?”

“ஆமா.”

“அப்ப சரிங்க. நாளைக்கு நான் அறுப்புக்குப் போயிடறேன். கதிர் கொட்டுது.”

“பத்து மணிக்கு விசாரணை. நீ வரலேன்னா உன் மனு தள்ளுபடி ஆயிடும்.”

“பெட்டி படுத்த வீட்டுப் பேச்சுதான் பெட்டிக்குள்ள போகும்ங்க. எங்க மாமனார் காலத்துலேருந்து பாத்திருக்கோம். நான் வந்தாலும் அந்த சாட்சி ரெண்டு பேரும் வரமாட்டாங்க. இந்நேரம் தெருவுல தெரிஞ்சிருக்கும்.” ஒரு அடி நெருங்கி வந்து, நிதானமாகச் சொன்னாள்: “அந்த சோப்பு மணக்குதுங்க. ஆபீசருங்க வந்தா மட்டும் பிரிப்பாங்க.”

எனக்குத் தெரியாத விஷயம் இல்லை இது. நன்னிலம் பக்கம் எங்கள் அப்பாவுக்கு மூன்று வேலி, இருபது ஏக்கர் நிலம் இருந்தது. அளக்க, கணக்குப் பார்க்க, வழக்கு விசாரிக்க என்று வந்தவர்கள் எல்லோரும் எங்கள் வீட்டில்தான் தங்கினார்கள். அவர்கள் பெட்டியும் இதேபோல் மணைப்பலகை மேல்தான் இருக்கும். மறுநாள் காலை சாகுபடிக்காரர்கள் வாசலில் வந்து நிற்பார்கள். பெட்டியைப் பார்ப்பார்கள். சொல்ல வந்ததைச் சொல்லாமல் போய்விடுவார்கள். அவர்களுக்குப் பேசத் தெரியாது என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வார்கள். வந்த விருந்தாளிகளுக்குக் கை கழுவத் தண்ணீர் வைத்தது நான். சோப்பு வாங்கி வைத்தது எங்கள் அம்மா. வீடு வீடாக இதைத்தான் நல்ல பழக்கம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பழக்கத்தால் எத்தனை பேர் வரப்பை விட்டு இறங்கினார்கள் என்று எந்த நாட்குறிப்பிலும் இல்லை. என்னுடையதிலும் இல்லை.

நாலு இருபத்தைந்துக்குக் கூடத்துக்குப் போனேன். அதிகாரியும் மிராசுதாரும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“சார், பெட்டி என் கையெழுத்துல இருக்கு. நான் எங்க படுக்கறேனோ அங்கதான் பெட்டி இருக்கணும்.”

“இங்கதானே படுக்கப்போறீங்க?”

“இல்ல சார். பள்ளிக்கூடத்துல.”

அதிகாரி என் பாதுகாப்பைப் பற்றி மூன்று நிமிஷம் பேசினார். ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்றார். ஆகிறபோது நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். கிழக்குத் தெருப்பக்கம் தனியாக ஒரு பெண் தங்குவது என்று மிராசுதார் ஆரம்பித்தார். அந்தத் தெருவில் நாற்பது பெண்கள் தங்குகிறார்களே என்றேன். டிரைவர், தான் ஜீப்பைப் பள்ளிக்கூட வாசலில் போட்டு அதிலேயே படுத்துக்கொள்வதாகவும், கூடத்தில் இத்தனை தலைவர்கள் பார்த்துக்கொண்டிருந்தால் தனக்குத் தூக்கம் வராது என்றும் சொன்னார். அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். தான் இங்கேயே தங்கப்போவதாகச் சொன்னார். தங்கட்டும். மக்கள் பார்ப்பது பெட்டியைத்தான்.

மிராசுதார் கோபப்படவில்லை. அதுவும் அந்த வீட்டுப் பழக்கத்தில் ஒன்று. சிரித்துக்கொண்டே சொன்னார்:

“அம்மாவுக்கு நம்ம வீட்டுச் சோறு மத்தியானம் வரைக்கும் இனிச்சுதாக்கும்.”

பள்ளிக்கூடச் சாவி எங்கே கிடைக்கும் என்று மட்டும் கேட்டேன். அவர் கையை நீட்டினார். தலைவர் படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கியது சாவி. சர்க்கார் பள்ளிக்கூடம், சர்க்கார் கட்டிய கட்டடம், சாவி இந்த ஆணியில். வாத்தியார் தினமும் காலையில் வந்து இங்கேதான் வாங்கிக்கொண்டு போகிறாராம். நானே எட்டி எடுத்துக்கொண்டேன். பெட்டியை ஒரு பக்கம் டிரைவரும் ஒரு பக்கம் நானும் பிடித்து ஜீப்பில் ஏற்றினோம். உதவிக்கு வந்த ஆளை வேண்டாம் என்றேன்.

கிழக்கு முனைவரை ஜீப்பை மெதுவாக ஓட்டச் சொன்னேன். பெட்டி பின்சீட்டில் வெளியே தெரியும்படி இருந்தது. அறுப்பு முடிந்து கரையேறியவர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள்.

ஐந்தரைக்குள் பள்ளிக்கூடத்தைப் பெருக்கி, இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு, அவற்றின் கீழே பெட்டியைத் தள்ளினேன். கை கால் கழுவினேன். பம்புத் தண்ணீரில் மண் போட்டுத் தேய்த்தும் அந்தச் சந்தன வாசனை போகவில்லை. கொண்டுவந்த அவல் ஒரு பொட்டலம் இருந்தது. அதுதான் ராத்திரிச் சாப்பாடு என்று தீர்மானித்திருந்தேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் அவள் வந்தாள். பதினேழாவது மனு. கையில் மூடி போட்ட சட்டி. கஞ்சியும் சுட்ட கருவாடும் என்றாள். கருவாடு சாப்பிட மாட்டேன் என்றால் துவையல் அரைத்துத் தருவதாகச் சொன்னாள். இரவு துணைக்குத் தானே வாசலில் படுத்துக்கொள்கிறேன் என்றும் சொன்னாள். முகம் கொல்லையில் பார்த்ததுபோல இறுகியிருக்கவில்லை.

நான் வேண்டாம் என்றேன். காரணத்தைச் சொன்னேன். மனு கொடுத்தவர் வீட்டுச் சோறு நான் சாப்பிட்டதாகத் தெரிந்தால், விசாரணையே செல்லாது என்று அவர்கள் மனுப் போடலாம். துணைக்குப் படுத்தாலும் அதே பேச்சு வரும். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருக்க வேண்டும். தெளிவாக, ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகம் பழையபடி ஆனது.

“மத்தியானம் அங்க சாப்பிட்டீங்களே.”

அவ்வளவுதான் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. சட்டியை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு போனாள். வாசலைத் தாண்டும்போது, திரும்பாமலே, அறுப்புக்குக் காலை ஆறரைக்குப் போகவேண்டும் என்றாள்.

நான் சொன்ன காரணம் அவள் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தத் தெருவில் பிறந்த யாருக்கும், சர்க்கார் வேலைக்காரி தங்கள் சட்டியைத் தொடாமல் திருப்பி அனுப்பினால், அதற்கு ஒரே அர்த்தம்தான். நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை என்று எழுதலாம். எழுதி என்ன? மேற்கே இலை போட்டபோது பொதுவாக இருப்பது எனக்கு நினைவுக்கு வரவில்லை. கிழக்கே சட்டி வந்ததும் சட்டம் நினைவுக்கு வந்துவிட்டது. மத்தியானத்திலிருந்து எல்லோர்மேலும் பட்ட கோபம் அந்தச் சிமெண்டுத் தரையில் ஒரே ஆள்மேல் வந்து நின்றது. மிராசுதார் சொன்னதும் அவள் சொன்னதும் ஒரே வார்த்தை. இரண்டு பேரும் சரியாகத்தான் சொன்னார்கள். அவலைப் பிரிக்காமல் படுத்தேன்.

அந்த மனு என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்கு: அவள் பெயர் பதிவேட்டில் ஏறியது. மிராசுதார் மேல்முறையீடு செய்தார், இன்னும் நடக்கிறது. அதற்குப்பின் ஐந்து அறுப்பை அவள்தான் அறுத்திருக்கிறாள். மடை இரண்டு முறை அடைபட்டது, இரண்டு முறையும் தெருவே போய்த் திறந்தது. மேலதிகாரி ஏற்பாடு செய்த தங்குமிடத்தை மறுத்துத் தன்னிச்சையாக நடந்துகொண்டதற்கு என்னிடம் விளக்கம் கேட்டார்கள். ஒரு பக்கத்தில், நேரங்களோடு எழுதிக் கொடுத்தேன். நான்கு மாதத்தில் வேறு தாலுகாவுக்கு மாற்றினார்கள். அதையும் என் நன்மைக்காகத்தான் என்றார்கள். விசாரணைக்குப் போகிற இடத்தில் எங்கே தங்க வேண்டும், யார் வீட்டில் சாப்பிடக் கூடாது என்று இன்றுவரை ஒரு வரி உத்தரவு இல்லை. ஜீப்புகள் இன்னும் தானாகத்தான் திரும்புகின்றன.

பிப்ரவரி 10, வியாழக்கிழமை. ஐந்து இருபதுக்கு எழுந்தேன். முகம் கழுவி, பெட்டியிலிருந்து விசாரணைக் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டேன். பெட்டியைப் பூட்டி, டிரைவரை அதன்மேல் உட்காரச் சொன்னேன். இந்தப் பெட்டியே போதுமே, அதிகாரி நாற்காலி எதற்கு என்றார். கிழக்குத் தெருவில் மூன்றாவது வீடு. அவள் வாசலில் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

“நேத்து கொண்டுவந்த கஞ்சி இருக்கா?”

“புளிச்சிருக்கும்.”

“பரவாயில்ல. குடு.”

உள்ளே போய்ச் சட்டியோடு வந்தாள். வாசல் குறட்டில் உட்கார்ந்து, தெருவில் போகிறவர் வருகிறவர் பார்க்க, சட்டி காலியாகும்வரை குடித்தேன். கருவாட்டையும் தின்றேன், பழக்கமில்லாததால் முள் தொண்டையில் குத்தியது. கை கழுவிக் குறிப்பேட்டைப் பிரித்தேன். முதல் பக்கத்தில், தலைப்புக்குக் கீழே, இரண்டு வரி எழுதினேன். நேற்று பிற்பகல் ஒன்று பத்துக்கு விசாரணைக் குழு எதிர்மனுதாரர் வீட்டில் உணவருந்தியது. இன்று காலை ஐந்தே முக்காலுக்கு எழுத்தர் பதினேழாம் எண் மனுதாரர் வீட்டில் உணவருந்தினார். கீழே கையெழுத்திட்டேன். பத்து மணிக்கு அதிகாரி வந்ததும் அவரும் கையெழுத்திட வேண்டியிருக்கும்.

என்ன எழுதுகிறேன் என்று கேட்டாள். படித்துக் காட்டினேன்.

“உப்பு கம்மின்னும் எழுதிக்குங்க” என்றாள்.

அரிவாளைக் கூரைக் கீற்றில் செருகிவிட்டு, சாட்சிகள் இரண்டு பேரையும் எழுப்பப் போனாள்.